பள்ளி விட்ட பிறகு



பள்ளிக்கூடம் என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவது புத்தகப் பை, கரும்பலகை, பரீட்சை, மதிப்பெண். காலையில் அடிக்கும் மணிக்கும் நண்பகலில் அடிக்கும் மணிக்கும் நடுவே நடப்பதுதான் படிப்பு. அதற்குப் பிறகு திடலில் நடப்பதெல்லாம் வெறும் விளையாட்டு என்று எண்ணுகிறவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். "பந்து உதைத்தது போதும், வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடு" என்று சொல்லாத தாய் தந்தையர் குறைவு. அந்தச் சொல்லில் அக்கறை இருக்கிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தச் சொல் எவ்வளவு நட்டத்தை உண்டாக்கும் என்பதை இன்று சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பாட நேரத்துக்கு வெளியே, பள்ளியின் பொறுப்பிலேயே நடைபெறும் பயிற்சிகளுக்குப் புறப்பாட நடவடிக்கைகள் என்று பெயர். பிள்ளைகள் மலாய் மொழியில் 'கோகுரிகுலம்' என்றும், சுருக்கமாகக் 'கோக்கோ' என்றும் சொல்வது இதைத்தான். நம் வட்டாரத்தில் தென்னைக்கு நடுவே கொக்கோ நட்ட காலத்தை அறிந்த பெரியவர்கள் குழம்பிவிடக் கூடாது. இது வேறு கோக்கோ. இதில் மூன்று பகுதிகள் உண்டு. ஒன்று, சீருடை இயக்கம்: சாரணர், செம்பிறைச் சங்கம், போலீஸ் கேடட் போன்றவை. இரண்டாவது, மன்றம் அல்லது கழகம்: மொழி மன்றம், அறிவியல் கழகம், சதுரங்கக் கழகம் என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். மூன்றாவது, விளையாட்டு. ஒவ்வொரு மாணவனும் ஒவ்வொரு மாணவியும் ஒரு விளையாட்டிலேனும் சேரவேண்டும் என்ற 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' கொள்கை 2011ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு விண்ணப்பம் செய்யும்போது, தகுதிப் புள்ளி நூறில் தொண்ணூறு பரீட்சைத் தேர்ச்சிக்கு; மீதிப் பத்து புறப்பாடத்துக்கு. பத்துதானே என்று தள்ளிவிடவேண்டாம். ஒரே துறைக்கு ஆயிரக்கணக்கானோர் போட்டியிடும்போது அரைப் புள்ளியிலும் கால் புள்ளியிலும் இடம் கைமாறிப் போகிறது. இரவெல்லாம் விழித்துப் படித்து, பரீட்சையில் நல்ல பெயர் எடுத்த தோட்டத்துப் பிள்ளை, புதன்கிழமைப் பிற்பகல்களில் வீட்டில் இருந்த காரணத்துக்காக அந்த இடத்தை இழந்து நிற்பது எவ்வளவு கொடுமை! அந்தப் பத்துப் புள்ளியில் பரிசும் பதக்கமும் மட்டும் சேர்வதில்லை. ஒழுங்காக வந்திருக்கிறானா, ஏதேனும் பொறுப்பு ஏற்றிருக்கிறானா, எந்த நிலையில் பள்ளியைப் பிரதிநிதித்திருக்கிறான் என்பதையெல்லாம் கூட்டித்தான் புள்ளி போடுகிறார்கள். ஓட்டத்தில் கடைசியாக வரும் பிள்ளைக்கும் வருகைப் பதிவில் புள்ளி உண்டு. ஆக, திடலுக்குப் போய் நின்றாலே ஒரு பங்கு கிடைக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்குத் திடலுக்குப் போய் நிற்பதே முடியாமல் இருக்கிறது.

ஏன் முடியவில்லை? பணம் கட்டவேண்டுமே என்று பலர் எண்ணுவார்கள். அது முன்பு உண்மை. இடைநிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் புறப்பாடம், விளையாட்டு மன்றம், காப்புறுதி, பள்ளித் தேர்வுத் தாள் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு 33 வெள்ளி 50 காசு கட்டிவந்த காலம் ஒன்று இருந்தது. தொடக்கப் பள்ளிக்கு 24 வெள்ளி 50 காசு. 2012ஆம் ஆண்டுப் பள்ளித் தவணையிலிருந்து அந்தக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 2008இல், பாட நூல் இரவல் திட்டம் எல்லா மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் பள்ளித் தொடக்க உதவியாகவும் பணம் வந்தது. 2023 முதல் 2025 வரை முதலாம் ஆண்டு தொடங்கி ஐந்தாம் படிவம் வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 150 வெள்ளி. எனவே கதவில் கட்டணம் கேட்பவர் இப்போது இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. கதவுக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கிற தூரம்தான் நம்முடைய தொல்லை.

சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் சபாக்கை நோக்கி ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை ஓடுகிறது. கடைத்தெருவும் இடைநிலைப் பள்ளியும் பெரும்பாலும் அந்தச் சாலையை ஒட்டியே இருக்கின்றன. நம் மக்களின் லயங்களோ செம்பனைக்கு உள்ளே, தென்னைக்கு உள்ளே, செம்மண் பாதையில் தொலைவாகப் போய் இருக்கின்றன. தெற்கே புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்திலும் இதே அமைப்புதான். மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரம், 1917இல் அந்தப் பெஸ்தாரி ஜெயாப் பக்கத்தில்தான் நடப்பட்டது; பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். தோட்டத்தை அமைத்தவர்கள் ஆலைக்கும் மரத்துக்கும் வழி பார்த்து லயங்களைக் கட்டினார்கள். பிற்பகல் நான்கு மணிக்குத் திடலிலிருந்து ஒரு பிள்ளை வீடு திரும்பவேண்டியிருக்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் குலை அறுக்கிறார். தாயார் உதிரிப் பழம் பொறுக்குகிறார். மகள் இரண்டாம் படிவம். காலையில் வேன் வருகிறது. பள்ளி விட்டதும் அதே வேன் கொண்டுவந்து விடுகிறது. மாதப் பணம் அந்த இரண்டு நடைக்கு மட்டும்தான். புதன்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குப் பயிற்சி என்றால், பிள்ளை பள்ளியிலேயே தங்கவேண்டும். மதியச் சோற்றுக்குச் சிற்றுண்டிச் சாலையில் காசு வேண்டும். நான்கரைக்குத் திரும்பிவர வேன் இல்லை. தகப்பனார் மோட்டாரை எடுத்துக்கொண்டு போகலாம்; ஆனால் அவர் அந்த நேரத்தில் கடைசிக் குலையை ஏற்றிக்கொண்டிருப்பார். நடுவில் மழை பிடித்தால் கேட்கவே வேண்டாம். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மையே. அந்தச் சம்பளத்தில் அரிசி, மருந்து, தவணைப் பணம், மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போனபின், புதன்கிழமைக்கென்று தனியாக எடுத்துவைக்க என்ன மிஞ்சும்? அதனால்தான் அந்த மகள் மற்றவர்களோடு ஒன்றரை மணி வேனில் ஏறி வந்துவிடுகிறாள். ஆசிரியர் 'வரவில்லை' என்று எழுதிக்கொள்கிறார். அவளுக்கு ஆர்வமில்லை என்றும் நினைத்துக்கொள்கிறார்.

தூரத்தைக் குறைத்தால் பிள்ளைகள் வருவார்களா என்று ஐயுறுவோருக்கு இந்தியாவிலிருந்து ஒரு செய்தி சொல்லுவோம். பீகார் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தார்கள்.  பின்னர் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. அதிலும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பயன் மிகுதியாகத் தெரிந்தது. அதுவரை அந்தப் பெண்களுக்குப் படிப்பில் ஆசையில்லை என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நம் ஊரில் மிதிவண்டியைத் துணிந்து சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தோட்டத்துப் பாதையில் சரி. பழம் ஏற்றிய லாரிகள் ஓடும் ஐந்தாம் எண் சாலையில் பதின்மூன்று வயதுப் பிள்ளையை மிதிவண்டியில் அனுப்புவது சரியான யோசனை அன்று. நமக்கு ஏற்றது கூட்டு வேன். இதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிற்பகல் ஒரு நடை தனியாக வந்துபோக வேன்காரர் 40 வெள்ளி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்காக எந்தக் குடும்பமும் அதைக் கொடுக்காது. எட்டுப் பிள்ளைகள் ஒன்றாக ஏறினால் தலைக்கு 5 வெள்ளி. நான்கு புதன்கிழமைக்கு மாதம் 20 வெள்ளி. அதையும் கொடுக்க முடியாத ஒரு வீடு இருந்தால், மற்ற ஏழு வீடும் ஆளுக்கு மூன்று வெள்ளி கூட்டிக் கொடுத்தால் போதும். வேன்காரருக்கும் நிச்சயமான வருமானம். பள்ளி வாகன உரிமம் உள்ளவராகப் பார்த்து அமர்த்திக்கொள்ளுங்கள்.

சிறு தொகையைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது நமக்குப் புதிதன்று. தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டச் சொன்னார். பால் வெட்டியவர்களின் அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் தோட்டங்களையே வாங்கின. அப்படியிருக்க, ஒரு வேனை அமர்த்த நம்மால் ஆகாதா?

ஆனால் எட்டுப் பிள்ளைகளும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பயிற்சிக்குப் போனால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். ஒருவன் புதன், ஒருத்தி வியாழன், இன்னொருவன் சனி என்று பிரிந்துபோனால் வேன் காலியாக ஓடும். இதில் பெற்றோர் செய்யவேண்டிய வேலை ஒன்று, பள்ளி செய்யவேண்டிய வேலை ஒன்று. பெற்றோர் நான்கைந்து பேராகத் தலைமையாசிரியரைப் பார்த்து, தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மூன்று பயிற்சிகளில் இரண்டையேனும் ஒரே பிற்பகலில் அமைத்துத் தரக் கேட்கலாம். தனியாகப் போய்க் கேட்டால் ஒரு வீட்டின் கோரிக்கையாகத் தெரியும். சேர்ந்து போனால் ஒரு தோட்டத்தின் தேவையாகத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் அதற்குரிய இடம். அந்தக் கூட்டத்துக்கு நாம் போவதில்லை என்பதும், போனாலும் கடைசி வரிசையில் அமர்ந்து பேசாமல் வந்துவிடுகிறோம் என்பதும் தெரிந்த கதைதான்.

பிள்ளைகளின் விருப்பம் என்ன ஆவது என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஒருவனுக்கு வாத்தியக் குழுவில் ஆசை. அவன் தோழர்கள் எல்லாரும் செம்பிறைச் சங்கம். நம்முடைய கருத்து இது: சீருடை இயக்கத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்தே சேரட்டும், விளையாட்டையும் மன்றத்தையும் அவரவர் மனம்போல் தேர்ந்துகொள்ளட்டும். சீருடை இயக்கத்தில் சேர்ந்திருப்பதால் வேன் மட்டுமா மிச்சம்? சட்டையும் மிச்சம்!

ஆம், சட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டணம் போனாலும் சீருடை போகவில்லை. சாரணர் என்றால் சட்டை, கால்சட்டை, தொப்பி, கழுத்துத்துணி, இடைவார், சின்னங்கள், கறுப்புக் காலணி. ஒரு பிள்ளை இரண்டு ஆண்டில் அதை மீறி வளர்ந்துவிடுகிறான். அந்தச் சட்டை பிறகு மோட்டார் துடைக்கும் துணியாகிறது. ஐந்தாம் படிவம் முடித்தவர்களின் சீருடைகளைச் சலவை செய்து, அளவைத் துணியில் எழுதித் தைத்து, ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் என்ன? கோயில் அறையிலோ, பழைய ஆயாக் கொட்டகையிலோ ஒரு பெட்டி வைக்க இடம் இல்லாமலா போய்விடும்? பொறுப்பை ஒரு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சின்னங்கள் மட்டும் புதிதாக வாங்கினால் போதும். எல்லாரும் ஒரே இயக்கத்தில் இருந்தால் இந்தப் பெட்டி நிறையும். எட்டுப் பேர் எட்டு இயக்கம் என்றால் பெட்டியில் ஒருவருக்கும் பொருந்தாத எட்டுச் சட்டைகள்தான் கிடக்கும்.

அடுத்தது சோறு. இதைச் சிறிய விஷயம் என்று யாரும் நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக நடத்தத் தொடங்கினார். வயிறு காய்ந்த பிள்ளை பள்ளிக்கு வரமாட்டான் என்ற எளிய உண்மைதான் அதற்கு அடிப்படை. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். காலை பத்து மணிக்கு ஒரு ரொட்டி தின்ற பிள்ளை இரண்டரை மணி வெயிலில் அணிவகுத்து நின்றால் மயங்கி விழுவான். புதன்கிழமை மட்டும் விடியற்காலையில் இரண்டாவது உணவு டப்பா ஒன்று கட்டவேண்டும். தாய் ஐந்து மணிக்கே எழுந்து பிரட்டுக்குப் போகவேண்டியவள் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. இங்கும் முறைவைத்துச் செய்யலாம்: வேலைக்குப் போகாத பாட்டிமார் இருக்கும் வீட்டில் இந்த வாரம் நான்கு டப்பா, அடுத்த வாரம் வேறு வீட்டில். புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கெடாமல் இருக்கும். தேங்காய்ப்பால் சேர்த்ததை மட்டும் இந்த வெப்பத்தில் கட்டிக் கொடுக்க வேண்டாம்.

இனி, பணமும் வேனும் சோறும் தீர்க்காத ஒரு தடையைப் பற்றிப் பேசவேண்டும். பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. மலாய் மொழியில் இருக்கிறது. கீழே பெற்றோர் கையொப்பமிடக் கோடு போட்டிருக்கிறது. நடுவில் முகாமுக்கு இத்தனை வெள்ளி என்று ஒரு தொகை. பிள்ளை அந்தக் கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கிறாள். அம்மா அடுப்படியில் கடன்காரரைப் பற்றி அப்பாவிடம் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. கடிதம் மீண்டும் பைக்குள்ளேயே போய்விடுகிறது. "என்னம்மா அது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை அம்மா" என்ற விடை வருகிறது. மறுநாள் ஆசிரியரிடம், "அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்று அவளே சொல்லிவிடுகிறாள். நாம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நம்மிடம் யாரும் கேட்கவும் இல்லை. நம் சட்டைப் பையின் கனத்தைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

பள்ளிகளில் வசதி குறைந்தவர்களுக்குச் சலுகை தரும் வழிகள் உண்டு. கல்வி அமைச்சு 2003ஆம் ஆண்டில் ஏழை மாணவர்களுக்கான அறநிதியைத் தொடங்கியதும் அந்த நோக்கத்தில்தான். ஆனால் சலுகை என்றால் கேட்கவேண்டும்; கேட்பதென்றால் வகுப்பில் மற்றவர்கள் முன்னிலையில் கை தூக்கவேண்டியிருக்கும். பதினான்கு வயதில் அது எவ்வளவு கடினம்! இதைப் பற்றி ஒரு வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா பார்பரா என்னும் ஊரில், வரிப்பணம் குறைந்துபோனதால், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நாடகத்திலோ இசைக் குழுவிலோ விளையாட்டு அணியிலோ சேர ஒவ்வொன்றுக்கும் 25 டாலர் கட்டவேண்டும் என்று பள்ளி நிர்வாகம் விதித்தது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்றும் சொன்னது. பார்பரா ஹார்ட்செல் என்ற தாய் வழக்குத் தொடுத்தார். 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது: இத்தகைய நடவடிக்கைகள் கல்வியின் பிரிக்கமுடியாத பகுதி, இலவசக் கல்வி என்று அரசியல் சட்டம் சொல்லும்போது இவற்றுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, ஏழைக்கு விலக்கு இருப்பதனால் கட்டணம் சரியாகிவிடாது. கேட்டு வாங்கும் விலக்கில் ஒரு குறுகல் இருக்கிறது என்பதையும் அந்த நீதிமன்றம் கண்டுகொண்டது. கட்டணம் கேட்பதைப் பற்றி நீதிமன்றம் வரை போன அந்தத் தாயின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

நம் நாட்டில் கட்டணம் எடுபட்டுவிட்டது, குறுகல் எடுபடவில்லை. அதைப் பெரியவர்கள்தான் நம் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். தவணைத் தொடக்கத்தில், பிள்ளை அறியாமலே, தாயோ தகப்பனோ வகுப்பாசிரியரைச் சந்தித்து, "சார், முகாம் செலவு எங்களுக்கு முடியாது, ஆனால் பிள்ளை போகவேண்டும்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், பிறகு ஆண்டு முழுவதும் பிள்ளை கை தூக்கவேண்டியதில்லை. மலாய் பேசத் தயக்கமாக இருந்தால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். கடிதங்களைப் படித்துச் சொல்ல ஒரு வழியும் செய்துகொள்ளலாம். இப்போது வாட்சாப் இல்லாத வீடு இல்லை. கடிதத்தைப் படம் பிடித்துத் தோட்டத்துக் குழுவில் போட்டால், ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை ஒன்று அதைத் தமிழில் சொல்லிவிடும். கல்யாணப் பத்திரிகையும் காலை வணக்கமும் வரும் குழுவில் இதுவும் வரட்டுமே.

பெண் பிள்ளைகளின் நிலை தனி. ஆண் பிள்ளை ஐந்து மணிக்கு வந்தால் யாரும் கேட்பதில்லை. பெண் பிள்ளை வந்தால் வாசலில் நான்கு பேர் நின்று பார்க்கிறார்கள். பெற்றோரின் அச்சத்தை நாம் கேலி செய்யமாட்டோம். செம்பனைக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் ஆளில்லாத பாதை. பழைய அண்டை வீட்டார் பாதிப் பேர் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். லயத்தில் முன்பின் அறியாதவர்கள் குடியிருக்கிறார்கள். அச்சம் இயல்புதான். ஆனால் அச்சத்துக்கு விடை பெண்ணை வீட்டில் நிறுத்துவதன்று. அவளைத் தனியே நடக்கவிடாமல் இருப்பது. நான்கு பெண்கள் ஒன்றாக வேனில் ஏறி, ஒன்றாக லயத்து வாசலில் இறங்கினால் அச்சத்தில் முக்காற் பங்கு போய்விடும். செம்பிறைச் சங்கத்தில் கட்டுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்ற பெண், தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது சொல்ல ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பே, அறுவாள் பட்ட தகப்பனாரின் கையைச் சரியாகக் கட்டவும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வளவும் முன்பு இல்லையே, நாம் எப்படி வளர்ந்தோம் என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். முன்பு இருந்தது, பள்ளியில் இல்லாமல் தோட்டத்திலேயே இருந்தது. திடல் இருந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் பந்தாட்டம் இருந்தது. திருவிழாவில் நாடகம் போட்டார்கள். ஆண் பிள்ளைகள் பெண் வேடம் கட்டினார்கள். கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் முரசு' 1950களில் மாணவர் மணிமன்றம் என்று ஒரு பகுதியைத் தொடங்கி, தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை எழுதத் தூண்டியது. பத்திரிகை ஒன்றின் விலைதான் செலவு. அந்த மணிமன்றத்தில் எழுதிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் பேச்சாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் விளங்கினார்கள். தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் ஊர்தோறும் எழுந்ததும் அந்த வேரிலிருந்துதான். பிறகு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. இன்று பல லயங்களில் பதினோரு இளைஞர்களைத் திரட்டி ஒரு பந்தாட்ட அணி அமைக்க ஆளில்லை. தோட்டம் கொடுத்துவந்த மேடையும் திடலும் போனபின், பள்ளியின் பிற்பகல்தான் நம் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கும் மேடை.

எதில் சேர்வது என்பதற்கும் ஒரு சொல். சில விளையாட்டுகள் பணம் தின்னும். மட்டை, காலணி, தனிப் பயிற்சி என்று இழுக்கும். சில விளையாட்டுகள் உடம்பையும் ஒழுங்கையும் மட்டும் கேட்கும். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் கோ. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றார். வேகநடைக்கு வேண்டியது நல்ல காலணியும் நீண்ட சாலையும். நெடுந்தூர ஓட்டமும் அப்படியே. கபடிக்குப் பந்துகூட வேண்டாம். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள இடமும் பக்கத்துக்கு ஏழு பேரும் போதும். அது 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் போட்டியிலிருந்து ஆசிய விளையாட்டாகவும் இருந்து வருகிறது. சதுரங்கத்துக்கு ஒரு பலகை. பேச்சுப் போட்டிக்கும் விவாதத்துக்கும் செலவே இல்லை. தமிழ்ப் பள்ளியில் மேடையேறிய பிள்ளைக்கு அந்தத் தைரியம் முன்பே இருக்கிறது, மொழியை மட்டும் மாற்றிக்கொள்ளவேண்டும். பணம் தின்னும் விளையாட்டில் பிள்ளைக்கு மெய்யான திறமை தெரிந்தால், ஆசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளியின் மட்டையை இரவல் கேட்பதில் தவறில்லை.

கடைசியாகச் சான்றிதழ்களைப் பற்றி. பயிற்சிக்கு ஒழுங்காகப் போன பிள்ளைகள்கூட இந்த இடத்தில் புள்ளியை இழக்கிறார்கள். முகாமில் கொடுத்த தாள், மாவட்ட ஓட்டத்தில் கொடுத்த தாள், மன்றச் செயலாளர் என்று கொடுத்த தாள் எல்லாம் லயத்தில் தகரப் பெட்டிக்கு அடியில் கிடந்து கறையான் அரிக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நெகிழி உறைக் கோப்பு வாங்கிக் கொடுத்து, வந்த அன்றே தாளை அதில் வைக்கவேண்டும். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளவேண்டும். கோயிலிலோ இயக்கத்திலோ பெற்ற சான்றிதழையும் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பதிவு செய்யத்தக்கதா என்பதை அவர் சொல்வார். ஆண்டு முடிவில் ஆசிரியர் பதிந்த புறப்பாடப் புள்ளிகளைக் கேட்டு, விடுபட்டது ஏதேனும் இருந்தால் அந்த ஆண்டிலேயே திருத்தச் சொல்லவேண்டும். மூன்று ஆண்டு கழித்துக் கேட்டால், அந்தப் பொறுப்பில் இருந்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறிப் போயிருப்பார்.